ஒரு பிடி மாவும் ஒரு மாதப் பிழையும்

அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் பற்றிக் கால் மணி நேரம் நல்லதை மட்டுமே பேசி அமர்ந்திருக்கும் நம் மதகுரு, மதிப்பிற்குரிய ரப்பி அவிகதோர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கணக்கிடும் முதியோரே! நேற்று மாலை சூரியன் சாய்வதற்குள் அறுபது பேருக்கு ஆக்கி இறக்கி, அடுப்பை அணைத்து, அப்படியே சாய்ந்துவிடாமல் இன்று வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மாரே! பெண்ணைக் கொடுத்த கையோடு அறிவுரையையும் கொடுத்துவரும் என் மனைவி வீட்டாரே! கடைசி மேசையில் தூணுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டிருக்கும் பால்கடை டோவ் அண்ணே! மேசைக்கடியில் மிட்டாய் பொறுக்கும் மழலைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும், களைத்துப்போன ஒரு பேருந்து ஓட்டுநரின் கனிவான வணக்கம்.

ஒலிபெருக்கி இல்லை. இன்று சப்பாத் ஓய்வுநாள், மின்விசையைத் தொடாத நாள். என் தொண்டைதான் ஒலிபெருக்கி, அதுவும் பழையது. காலை மூன்று மணி நேரம் வேதச்சுருளுக்குப் பக்கத்தில் நின்ற கால்கள் இவை. இருபத்தாறு ஆண்டுகளாக ஹைஃபாவின் மலை வளைவுகளில் பேருந்தைத் திருப்பித் திருப்பித் தேய்ந்த தோள்கள் இவை. ஓராண்டாக உறவினரோடு வாதாடி வாதாடி வறண்ட நாக்கு இது. பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லையா? கேட்கவில்லை என்பவருக்கு நான் கேட்டது எப்படிக் கேட்டது? சரி, அமருங்கள்.

நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நாள் இது. என் மகன் எல்கானாவுக்குப் பதின்மூன்று நிறைந்துவிட்டது. இன்று காலை அவன் வேதச்சுருளின் முன் நின்று, தன் சொல்லுக்கும் செயலுக்கும் தானே பொறுப்பு என்னும் வயதுக்குள் அடி எடுத்து வைத்தான். மகிழ்ச்சிதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், தாய்மாரே, நான் களைத்திருக்கிறேன். வேலை செய்த களைப்பு படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் களைப்பு. நான்கு வாரமாக அது என்னோடு உண்கிறது, என்னோடு பேருந்தில் ஏறுகிறது, என்னோடு இறங்குகிறது.

ரப்பி அவர்கள் என்ன சொன்னார்? கெர்ஷோனின் எளிமை கார்மேல் மலைபோல் உயர்ந்தது என்றார். தன் மகனின் விழா மண்டபத்தையும் விருந்தையும் ஆதரவற்ற ஒரு ஜோடியின் திருமணத்துக்குத் தூக்கிக் கொடுத்தவன் என்றார். விழாவை நான்கு வாரம் தள்ளிவைத்து, இன்று உப்பு மீனும் அவரைக் குழம்பும் தேன்ரொட்டியுமாக நிறைவு கண்ட நெஞ்சன் என்றார். வாரம் மாறியதால் மாறிப்போன புதிய வேதப் பகுதியை நான்கே வாரத்தில் கற்றுத் தேர்ந்த மகனைப் பெற்றவன் என்றார். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். தட்டிய தட்டலில் என் தட்டிலிருந்த மீனே துள்ளியது.

இந்தப் புகழைப் போர்த்திக்கொண்டு நான் அமர்ந்துவிடலாமா? போர்வை நன்றாகத்தான் இருக்கிறது. கதகதப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவையோரே, அது என்னுடையது இல்லை. யாரும் எழ வேண்டாம். என் மனைவி பெனினா, நீயும் தலையைக் குனிய வேண்டாம். சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலிலிருந்தே வருகிறேன். ஓராண்டுக்கு முன் என் மகனின் விழாவைப் பற்றி நான் ஒரு முடிவெடுத்தேன். பெரிய மண்டபம் வேண்டாம், மேளம் வேண்டாம், பூத்தோரணம் வேண்டாம். நம் தொழுகைக்கூடத்தின் கீழ்மண்டபம் போதும். வருகிறவர்கள் பரிசு கொண்டுவர வேண்டாம். மாவும் எண்ணெயும் பருப்பும் கொண்டுவந்து வெள்ளிக்கிழமைக்குள் வாசல் பெட்டியில் போட்டால் போதும். அவை இல்லாத வீடுகளுக்குப் போகும். எவ்வளவு போயிற்று என்று கேட்காதீர்கள். சப்பாத்தில் கணக்குப் பேச மாட்டோம். நல்ல முடிவுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைப் பற்றி நினைத்து நினைத்து எனக்கே என்மேல் மதிப்பு கூடிப்போயிற்று.

என் மச்சான் ஸெவுலூன் இங்கேதான் இருக்கிறார். அவருடைய மகனின் விழாவுக்கு நாமெல்லாம் போயிருந்தோம். பையன் மேடைக்கு வரும்போது தரையிலிருந்து வெண்புகை எழுந்தது. தலைக்கு மேல் படமெடுக்கும் பொறி ஒன்று சுற்றிச் சுற்றிப் பறந்தது. அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், என் தங்கச்சி பையனுக்குக் கீழ்மண்டபத்துல விருந்தா? அந்தச் சுவத்துல ஈரம் ஊறிக் கிடக்கு. எல்லாச் செலவும் நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா சட்டையைப் போட்டுட்டு வந்து நில்லுங்க."

"ஸெவுலூன், பையன் வேதம் வாசிக்கப் போறானா, விமானம் ஏறப் போறானா? அவ்வளவு புகை எதுக்கு?"

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு சாப்பிட்டுட்டுத் தூங்கப் போவாங்க."

இப்படி ஒரு நாள் இல்லை, ஓராண்டு. அவர் விடவில்லை, நானும் விடவில்லை. அழைப்பிதழில் எளிமை என்ற சொல் எத்தனை இடத்தில் வரவேண்டும் என்பதற்கு மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். மளிகை வாங்கப் போனால் எளிமை, முடி வெட்டப் போனால் எளிமை, பேருந்தில் ஏறுகிற பயணியிடம்கூட எளிமை. ஒரு நாள் பெனினா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். மன்னிக்க வேண்டும் பெனினா, இதைச் சொல்லாவிட்டால் கதை நகராது. "எளிமையைக்கூட இவ்ளோ ஆடம்பரமாப் பண்ற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீங்கதான்" என்றாள். சிரிக்கிறீர்களா? நான் அன்று சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த ஜோடி வந்தது. யெஷி அம்மா, இதோ இரண்டாம் மேசையில் கணவரோடு அமர்ந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அது உங்கள் பெருமை. நான் சொல்லாதது என் சிறுமை.

அவர் மருத்துவமனையில் வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை செய்கிறார். கணவர் வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுப்பவர். இருவருக்கும் இந்த நாட்டில் தாய் தந்தை இல்லை, அண்ணன் தம்பி இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் நம் முற்றத்தில் மணப்பந்தல் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார்கள். மழைக்காலம் முடியவில்லையே என்று என்னிடம் வந்தார்கள். ஏனென்றால் நான் இந்தத் தொழுகைக்கூடத்தின் கபாய். யார் வேதம் வாசிப்பது, எந்த மாதம் எந்த நாளில் பிறக்கிறது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதெல்லாம் பதினெட்டு ஆண்டுகளாக என் கையில்.

"ஐயா, ஒரு ரெண்டு மணி நேரம் கீழ்மண்டபம் கிடைக்குமா? மழை வந்தா ஒதுங்கிக்கலாம்" என்று கேட்டார் யெஷி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லைம்மா. மறுநாள் என் மகன் விழா. மேசையெல்லாம் முந்தின நாளே போட்டுடுவோம். இது ஏழைகளுக்காகப் பண்ற விழா, கலைக்க முடியாது."

ஏழைகளுக்காகப் பண்ணுகிற விழா! முன்னால் நின்ற இரண்டு ஏழைகளிடம் சொன்னேன், அவையோரே. நாக்கு கூசவில்லை. அவர்கள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்கள். நான் போய் மேசை விரிப்பு தேர்ந்தெடுத்தேன். வெள்ளை, எளிமையான வெள்ளை.

இப்போது டோவ் அண்ணனிடம் வருகிறேன். அண்ணே, தூண் உங்களை மறைக்காது, நீங்கள் தூணைவிடக் கொஞ்சம் அகலம்.

நம் ஆண்டுகளில் சிலவற்றுக்கு அதார் மாதம் இரண்டு முறை வரும் என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஒரே அதார் இருந்த சாதாரண ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு அதார் வரும் ஆண்டில் பதின்மூன்று நிறைவது எதில்? இரண்டாவதில். இந்த விதியை இந்த ஊருக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தவன் யார்? நான். ஆண்டுதோறும் சுவரில் மாட்டும் மாத அட்டவணையின் அடியில் சிவப்பு மையில் எழுதுபவன் யார்? நான். எட்டு ஆண்டுகளுக்கு முன் டோவ் அண்ணன் தன் பேரனின் விழாவை முதல் அதாரில் வைத்து, எல்லோரையும் வாருங்கள் என்று வாய் நிறைய அழைத்தபோது, வாசிப்பு மேடையிலிருந்து மேசையை ஓங்கித் தட்டி நிறுத்தியவன் யார்? அதுவும் நான்தான்.

"டோவ் அண்ணே! கடையில முட்டை எண்ற மாதிரி மாசத்தை எண்ணாதீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு!" என்றேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். பெண்கள் பகுதியிலிருந்தும் சிரிப்பு வந்தது. டோவ் அண்ணனின் காது சிவந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த அறிவிப்பைப் படித்தேன்.

இந்த ஆண்டு என்ன நடந்தது? நான் குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை காலை. கோழிகள் வந்துவிட்டன. ரொட்டிகள் சுட்டாகிவிட்டன. வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பாத்திரங்கள். பின்கதவு தட்டப்பட்டது. கையில் ஓர் அட்டை முட்டையோடு டோவ் அண்ணன். நான் ஆர்டர் கொடுக்கவே இல்லை. உள்ளே வந்தார், கதவைத் தானே சாத்தினார், குரலைத் தாழ்த்தினார்.

"கெர்ஷோன், பையன் எந்த அதார்ல பொறந்தான்?"

"எந்த அதாரா? அந்த வருஷம் ஒண்ணுதானே இருந்துச்சு."

அவர் முட்டை அட்டையை மேசைமேல் வைத்தார்.

"இதுல பன்னெண்டு இருக்கு, தம்பி. இந்த வருஷத்துக்கு மாசம் பதிமூணு. நான் யார்கிட்டயும் சொல்லல. கடையில பேச்சு வந்தா நீயே தேதியை மாத்திட்டேன்னு சொல்லிடறேன். வரட்டுமா?"

வந்த வழியே போய்விட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் மேடையில் ஏறிச் சொன்னதை, அவர் பின்கதவால் வந்து சொன்னார். நான் ஊரைக் கூட்டிச் சொன்னதை, அவர் கதவைச் சாத்திச் சொன்னார். ஊருக்கெல்லாம் நாள் குறிக்கும் கபாய், பெற்ற மகனுக்கு ஒரு மாதம் முன்னதாக நாள் குறித்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டில் என் பேருந்து அதிகம் போனால் நான்கு நிமிடம் முன்னதாக நிறுத்தத்துக்கு வந்திருக்கும். இந்த முறை முப்பது நாள் முன்னதாக வந்து நின்றது.

ஒருவரும் என்னை எச்சரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எச்சரித்தாளே! பெற்றவள் எச்சரித்தாள். போன கோடையிலேயே கேட்டாள்.

"புரிம் பண்டிகைக்கு முந்தின வாரம்தானே பொறந்தான்? நீங்க குறிச்ச நாளுக்கு அப்புறம் புரிம் வர ஒரு மாசம் இருக்கே?"

"தேதி விஷயத்துல எனக்கே சொல்லித்தராதே பெனினா" என்றேன். பிள்ளையைப் பெற்றவளுக்கே பிள்ளை பிறந்த நாளைச் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் ஐந்து நாளில் புரிம். அவள் சொன்னதுதான் சரி.

இனிமேல்தான், அவையோரே, என் களைப்பின் வேர் இருக்கிறது. பிழை யாருக்கும் வரும். அன்று மதியமே ரப்பியிடம் போய், பிழை செய்துவிட்டேன் ஐயா என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பீர்கள், மூன்றாம் நாள் மறந்திருப்பீர்கள். நான் போனேன். படியிறங்கிப் போனேன். போகிற வழியில் முற்றத்தில் யெஷியும் அவர் கணவரும் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். வானம் கறுத்திருந்தது. அந்தத் தார்ப்பாயைப் பார்த்த நொடியில் எனக்கு ஒரு வழி பிறந்தது. நல்ல எண்ணமா அது? இல்லை, தப்பிக்கும் எண்ணம்.

ரப்பியிடம் போய் நான் சொன்னது இதுதான்: "ஐயா, அந்த ஜோடியை நினைச்சா மனசு கேக்கல. மண்டபத்தையும் விருந்தையும் அவங்களுக்கே குடுத்துடறேன். என் மகன் விழாவை நாலு வாரம் தள்ளி வெச்சுக்கறேன்."

ரப்பி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தேதிப் புத்தகம் என் கையில் இருக்கிறது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அவர் கண்கள் கலங்கின. என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பெனினாவிடம், யாரும் கேட்டால் இப்படிச் சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்க மாட்டேன். எல்கானாவை அழைத்து, "அந்த ஜோடிக்காகத் தள்ளி வெக்கிறோம்டா, உனக்குப் புதுப் பகுதி வரும், படிச்சுக்க முடியுமா?" என்றேன். பையன் என்னை நீண்ட நேரம் பார்த்தான். "சரிப்பா" என்றான். ஓராண்டு உழைத்துப் படித்த பகுதி வீணாகிறதே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தலைமைக் குருவின் நீல அங்கியும் அதன் விளிம்பில் பொன்மணியும் வரும் பகுதி அது. அழகான பகுதி.

வெள்ளிக்கிழமை திருமணம் நடந்தது. வெளியே வானம் பிளந்து மழை கொட்டியது. உள்ளே என் மகனுக்காக வாங்கிய வெள்ளை விரிப்பின்மேல் என் மகனுக்காக வெந்த கோழி. மணமகன் நம் வழக்கப்படி காலால் கண்ணாடிக் குவளையை உடைத்தபோது மண்டபமே ஆர்ப்பரித்தது. யாருமில்லாத மணமகளுக்கு உங்களில் நாற்பது பெண்கள் தாயாகி நின்று ஆடினீர்கள். அதுவரை நான் பார்த்த திருமணங்களிலேயே அழகானது அதுதான். நான் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். பொய்யிலிருந்து இவ்வளவு நன்மை வருமா என்று கேட்காதீர்கள். நன்மை அந்தக் கோழியைச் சமைத்தவர்களிடமிருந்து வந்தது. பொய் மட்டும்தான் என்னிடமிருந்து வந்தது.

பிறகு நான்கு வாரம். பால் வாங்கப் போனால் புகழ். பேருந்தில் ஏறினால் புகழ். மச்சான் ஸெவுலூன்கூட வந்து, "மச்சான், நான் தோத்துட்டேன், நீங்க பெரிய மனுஷன்" என்று தோளைத் தட்டினார். ஓராண்டு வாதாடியும் கிடைக்காத வெற்றி, ஒரு பொய்யில் கிடைத்தது. ஒவ்வொரு புகழுக்கும் நான் தலையைக் குனிந்தேன். பார்த்தவர்கள் அடக்கம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் எல்கானா பக்கத்தில் இருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

இன்று காலைக்கு வருகிறேன். இதோ முடித்துவிடுகிறேன், தாய்மாரே, குழம்பு ஆறாது. நேற்றிலிருந்து தணலில் இருப்பது.

வாசிப்பவன் பக்கத்தில் நின்று, பிழை வந்தால் திருத்துவது கபாயின் வேலை. அச்சுப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான்கு வாரத்துப் படிப்பு, எங்கேயாவது இடறுவான், கைகொடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். இன்றைய பகுதி என்ன? செல்வன் காளையைக் கொண்டுவருவான், அடுத்தவன் ஆட்டைக் கொண்டுவருவான், அதற்கும் வழியில்லாதவன் புறாவைக் கொண்டுவருவான், எதுவுமே இல்லாதவன் மாவு கொண்டுவருவான். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தால் போதும். அந்த ஒரு பிடி மாவும் காளைக்குக் குறைந்ததில்லை. பையன் வாசித்தான். இடறவில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, இழுக்கும் இடத்தில் இழுத்து, ஓரிடத்திலும் என் விரல் அவனுக்குத் தேவைப்படவில்லை. முடிந்ததும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாழ்த்தி எறிந்த மிட்டாய் மழை. ஒன்று என் நெற்றியில் பட்டது. அந்த மழையில் குனிந்து அவன் காதில் கேட்டேன்.

"எப்பிடிடா? நாலே வாரத்துல எப்பிடிடா?"

"நாலு வாரம் இல்லப்பா. ஹனுக்கா பண்டிகையில இருந்து படிக்கிறேன்."

அவையோரே, ஹனுக்கா! குளிர்காலத் தொடக்கம்! நான் தேதியை மாற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பு!

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"உங்க அட்டவணையிலதான்பா இருக்கு. கீழே, சிவப்பு மையில."

"ஏன்டா சொல்லல?"

"ஒரு தடவை சொல்ல வந்தேன். நீங்க ஷூவைக்கூடக் கழட்டாம தூங்கிட்டிருந்தீங்க. அப்பறம் தினமும் மாமாகூடச் சண்டை, அம்மாகூடச் சண்டை. ரொம்பக் களைச்சிருந்தீங்கப்பா. நீங்க சொன்ன நாள்ல அதைப் படிச்சுடலாம், உண்மையான நாள்ல இதையும் படிச்சுடலாம்னு, ரெண்டையும் படிச்சு வெச்சுக்கிட்டேன்."

கேட்டீர்களா? மொட்டைமாடியில் துணி உலர்த்தும் சாக்கில் போய்த் தனியாகப் படித்தானாம். அப்பா அவமானப்படக் கூடாது என்று இரண்டு பகுதியைப் படித்திருக்கிறான். அதோடு போயிற்றா? புதன்கிழமை நான் அந்த ஜோடியின் கதையைச் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்தேதான் "சரிப்பா" என்றிருக்கிறான். நான்கு வாரமாக நீங்கள் என்னைப் புகழ்ந்தபோதெல்லாம், என் பொய்யைத் தன் தட்டில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறான்.

எளிமை என்று ஓராண்டு கத்தினேனே, எது எளிமை? மண்டபத்தைச் சிறிதாக்கினேன், என்னைச் சிறிதாக்கினேனா? மேளத்தை நிறுத்தினேன், என் வாயை நிறுத்தினேனா? வாசலில் ஈகைப் பெட்டி வைத்தேன். வாசலில் நின்றவருக்குக் கதவைத் திறந்தேனா? முட்டை அட்டையோடு பின்கதவால் வந்தாரே, அது எளிமை. மறுத்தவனுக்கும் நன்றி சொல்லிப் படியேறினார்களே, அது எளிமை. புரிம் எப்போது என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, சரி என்று வாயை மூடிக்கொண்டு அறுபது பேருக்கு இரண்டு முறை சமைத்தாளே, அது எளிமை. மொட்டைமாடியில் ஈரத் துணிக்கு நடுவே ஒருவன் படித்தானே, அது எளிமை! நான் காளையை ஓட்டிக்கொண்டு வந்தேன், அவையோரே. கழுத்தில் மணி கட்டி, தெருவெல்லாம் கேட்க ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பிடி மாவைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்!

என்ன டோவ் அண்ணே, உட்காரச் சொல்கிறீர்களா? உட்கார மாட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரின் முன்னால் உங்களைச் சிறுமைப்படுத்தினேன். இதே ஊரின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். தேதிப் புத்தகம் நாளை சூரியன் உதித்ததும் உங்கள் கடைக்கு வரும். மறுக்காதீர்கள், எண்ணத் தெரிந்தவர் வைத்துக்கொள்ளுங்கள். யெஷி அம்மா, மண்டபத்தை உங்களுக்கு நான் கொடுக்கவில்லை, என் பிழை கொடுத்தது. என்னை மன்னியுங்கள். ரப்பி அவர்களே, உங்கள் சொற்கள் அருமையானவை, ஆள்தான் தவறு. பெனினா, உன்னிடம் வீட்டில் பேசுகிறேன். இல்லை, வீட்டில் நீ பேசு, நான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. மகன் வேதம் வாசித்து முடிக்கும்போது தந்தை சொல்லவேண்டிய ஒரு வாசகம் இருக்கிறது. இங்கே பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் சொன்னதுதான். இவன் செய்யும் பிழைகளின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த இறைவனுக்குப் புகழ் என்று சொல்வோம். இன்று காலை நானும் சொன்னேன், உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டுக் குனிந்துதான் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதில் வந்தது. நான் எதிலிருந்து விடுபட்டேன்? அவனுடைய எந்தப் பிழையை நான் சுமந்தேன்? மூன்று மாதத்துக்கு மேலாக என்னுடைய பிழையை அல்லவா அவன் சுமந்திருக்கிறான்! தந்தையின் பாரத்திலிருந்து மகனை விடுவிக்க ஒரு வாசகம் நம்மிடம் இருக்கிறதா, ரப்பி? தலையை ஆட்டுகிறீர்கள். இல்லை. எனக்கும் தெரியும், இல்லை.

அதனால்தான் இந்தக் களைத்த கால்களில் இவ்வளவு நேரம் நின்றேன். எல்கானா, எழுந்து நில்லப்பா. மிட்டாயைக் கீழே வை. இந்த ஊருக்கு இப்போது எல்லாம் தெரியும். இனி நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பா களைத்திருக்கிறார் என்று எதையும் என்னிடம் சொல்லாமல் இருக்கவும் வேண்டாம், தூங்கினால் எழுப்பு. என் பிழை என்னுடையது. இன்று முதல் நீ அதைச் சுமக்கவில்லை. உன்னை விடுவித்தேன்.

பொறுமையோடு கேட்ட அவைத்தலைவருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட மனைவி வீட்டாருக்கும், பசியோடு கேட்ட குழந்தைகளுக்கும், வாசல் பெட்டியில் சத்தமில்லாமல் ஒரு பிடி மாவு போட்டுவிட்டுப் பெயர் எழுதாமல் போன உங்கள் அனைவருக்கும் என் நன்றி. உங்கள் சப்பாத் அமைதியாக அமையட்டும். குழம்பைத் திறங்கள். நான் உட்காருகிறேன்.